பச்சை ரிப்பன் கட்டிய உறை

சமாதானபுரம்,
பாளையங்கோட்டை,
2 ஆகஸ்ட் 2025.

இதுவரை நடத்திவந்த கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டு, பிரியமான யூனிஸுக்கு எழுதுவது.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நான்கு பக்கங்களில் ஒரு தேதிகூட இல்லை. வங்கியிலிருந்து நோட்டீஸ் எந்த நாளில் வந்தது, எத்தனை நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள், வீடு யார் பேரில் இருக்கிறது, இவைதாம் நான் அறிய வேண்டியவை. நீயோ நோட்டீஸைப் பார்த்ததும் உன் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து எப்படி அழுதார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். இருபத்துமூன்று வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள் எழுதும் கடிதமா இது? அழுகையை எந்த வங்கியும் தவணையாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் முருங்கைக்காய்க் கமிஷன் கடை வைக்கிறேன் என்று வீட்டை அடமானம் வைத்தபோதே நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். திசையன்விளைச் சந்தையில் இன்றைய விலை நாளைக்கு நிற்பதில்லை என்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரியும். சரி, போகட்டும். நடந்ததைப் பேசி என்ன ஆகப்போகிறது.

உனக்கு ஒரு வழி சொல்லத்தான் எழுதுகிறேன். என் கணவரின் டயாலிசிஸ் செலவுக்காக, ஒரு பைனான்ஸ் கம்பெனியில், இந்த வீட்டின் பேரில் நாங்கள் ஒரு கடன் வாங்கியிருந்தோம். நீ அறிய மாட்டாய். ஊரைக் கூட்டிச் சொல்லும் விஷயமும் அல்ல. அவர் காலமானபின் தவணை கொஞ்சம் தாமதப்பட்டது. கிங்ஸ்டன் என்று என் பழைய மாணவர் ஒருவர், இப்படிப்பட்ட விவகாரங்களைப் பேசி முடித்துவைப்பவர், தாமாகவே என்னைத் தேடி வந்து உதவினார். ஜூலை 28ஆம் தேதி, கடன் முழுவதும் தீர்ந்தது என்று கம்பெனியின் முத்திரையோடு கடிதம் வந்துவிட்டது. அதை என் கணவரின் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

கிங்ஸ்டனுக்கு என் கைப்பட ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தாறு வருடத்தில் நான் நற்சான்று கொடுத்தவர்கள் பதினொரு பேர்தாம் என்பது உனக்குத் தெரியும். இவர் பன்னிரண்டாவது. உனக்கே நான் கொடுத்ததில்லை. உன் விலாசத்தை அவரிடம் சொல்லியிருக்கிறேன். சமயம் பார்த்து உன் வீட்டுக்கு வருவார். வந்தால் அவர் சொல்கிறபடி செய். நூறு கேள்வி கேட்டு அவரை நோகடிக்காதே. டார்லினுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
ஹெப்சிபா பாக்கியசீலன், எம்.ஏ., பி.எட்.,
தலைமை ஆசிரியை (ஓய்வு).


சமாதானபுரம்,
பாளையங்கோட்டை,
1 நவம்பர் 2025, சனிக்கிழமை.

யூனிஸ், திங்கட்கிழமை பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடாதே.

மீதியைப் படிக்கவிடாமல் யாராவது இந்தத் தாளை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாலும் அந்த ஒரு வரியாவது உன் கண்ணில் பட்டிருக்கட்டும் என்று, வந்தனம் சொல்லும் முன்பே அதை எழுதிவிட்டேன். இப்போது முறைப்படி: பிரியமான யூனிஸுக்கு வந்தனம்.

இந்தக் கடிதத்தை முத்துமாலை கொண்டுவருவார். நம் பள்ளிக்கூட வாட்ச்மேன் முத்துமாலைதான், எழுபது தாண்டிவிட்டது. தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் உனக்குக் கிடைக்கும். ஆகவே நாளைக் காலையில் அவரை பஸ் ஏற்றிவிடுகிறேன். நீ கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை உன் வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காப்பி கொடு. சீனி போடாதே.

வியாழக்கிழமை உன்னிடம் ஃபோனில் பேசியது என் மனதை விட்டுப் போகவில்லை. கிங்ஸ்டன் என்னை ஏமாற்றிவிட்டான், என் வீடு போய்விட்டது, உன்னையும் ஏமாற்றப் போகிறான் என்று நான் சொல்லச் சொல்ல, நீ "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றாய். பிறகு, "மாத்திரை போட்டீங்களா? மதியத்துக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாய். ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அழும் பிள்ளையிடம் பேசுவாயே, அதே குரல். அப்புறம் டார்லின் ஃபோனை வாங்கி, "டீச்சர், அம்மாவ ஏன் போட்டுக் குழப்புதீங்க? கிங்ஸ்டன் அண்ணன் எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். அவள் தயங்கினாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. "பெரிய டீச்சருக்கு ஞாபகம் தடுமாறுதாம். அவங்களே வீட்ட வித்துட்டு, வித்தத மறந்துட்டாங்களாம். இப்பம் அவரு மேல பழி போடுதாங்களாம். உங்களுக்கும் ஃபோன் வரும், மனசுல வச்சுக்கிடாதீங்க, பாவம்னு சொன்னாரு" என்றாள்.

அவன் கெட்டிக்காரன், யூனிஸ். நான் உன்னை எச்சரிக்கும் முன்பே என் வாயை அடைத்துவிட்டான். இனி நான் எவ்வளவு பதறுகிறேனோ அவ்வளவுக்கு அவன் சொன்னது உண்மையாகிறது. ஆகவே பதறாமல் எழுதுகிறேன். கோடு போட்ட தாளில், பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அது கண்ணின் கோளாறு. புத்தியின் கோளாறு அல்ல.

கண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கிற்று. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து நான்கு வருடம் ஆகிறது. ஆபரேஷனுக்கு ஒதுக்கிய பணம் டயாலிசிஸுக்குப் போயிற்று. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகத்தான் பாடுகிறேன். பூதக்கண்ணாடி எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வெளியே அதை நான் எடுத்ததே இல்லை. கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பிறர் முன்னால் தடுமாறாதே என்பது. நான் அதை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரியில் கம்பெனிக்காரர்கள் என் முன்வராந்தாச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் பேப்பரிலும் வந்துவிட்டது. என் பெயர், என் கணவர் பெயர், கதவு எண், பாக்கித் தொகை. நம் தெருக் கடையில் இருந்த நான்கு பிரதிகளையும் நானே வாங்கிக்கொண்டு வந்தேன், யாரும் பார்க்கக் கூடாதென்று. சிரிக்காதே. சுவர் நோட்டீஸின் மேல் சபைக் காலண்டரை மாட்டினேன். ஆணி அடிக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டேன். அந்த நோட்டீஸில் நான் என்ன செய்யலாம், எத்தனை நாளுக்குள் செய்யலாம் என்று அச்சடித்திருந்தது. என் சுவரில், என் காலண்டருக்குப் பின்னால், அது முழுவதும் இருந்தது. நான் படிக்கவில்லை. மறைத்தேன்.

மூன்றாம் நாள் கிங்ஸ்டன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "டீச்சர், என்னைய ஞாபகம் இருக்கா? அஞ்சாப்புல நீங்கதான எனக்குக் கிளாஸ் டீச்சர்? வாய்ப்பாடு தப்பா சொன்னா ஸ்கேலால புறங்கையில ஒண்ணு வைப்பீங்களே, அது இப்பமும் வலிக்கி டீச்சர்" என்றான்.

எனக்கு அவனை ஞாபகம் இல்லை, யூனிஸ். முகமும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் ஹெப்சிபா டீச்சர் ஒரு பிள்ளையையும் மறக்கமாட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா? அந்தப் பேச்சை நான் என் கழுத்துச் செயினைவிடப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆகவே, "ஏன் ஞாபகம் இல்லாமல்? இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்காருவாய்" என்றேன். அவன் கைதட்டிச் சிரித்தான். "ஆமா டீச்சர், ஜன்னல் ஓரந்தான்! எப்பிடி டீச்சர் இவ்வளவு வருசம் கழிச்சும் சொல்லுதீங்க!" என்றான். அவனுடைய பொய்க்கு நானே பெஞ்சும் ஜன்னலும் போட்டுக் கொடுத்தேன். நான் ஆசிரியை என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? என் கேட்டிலேயே பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேனே, பட்டங்களோடு. மீதியைப் பேப்பரில் வந்த நோட்டீஸ் சொல்லியிருக்கும். டீச்சர் என்றால் ஸ்கேலால் அடித்திருப்பாள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

கம்பெனியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்க வேண்டாம், வக்கீலிடம் போக வேண்டாம், தான் பேசி முடிக்கிறேன் என்றான். கம்பெனியோடு பேசுவதற்கு ஒரு அதிகாரக் கடிதம் மட்டும் பதிவு செய்து கொடுக்கச் சொன்னான். மார்ச்சில் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். ஏழு பக்கம். கைப்பையில் பூதக்கண்ணாடி இருந்தது. சுற்றி இருபது பேர் இருந்தார்கள். சார்பதிவாளர், "வாசிச்சுப் பாத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். கேட்கவேண்டியதை அவர் கேட்டார். அவர் பேரில் குற்றமில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் தலைமை ஆசிரியையாக இருந்தவள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை" என்றேன். அந்த அறையில் எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு எழுத்தும் வாசிக்காமல், கான்வென்ட் மதர் சொல்லிக்கொடுத்தபடி சாய்வாக, அழகாக, ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ரேங்க் கார்டில் பெற்றோர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் திருப்பி அனுப்புவேனே, அந்த நான்தான்.

அது பவர் பத்திரம். வீட்டை விற்கும் உரிமையோடு கொடுத்த பொது அதிகாரம். கம்பெனி பெருந்தொகையைத் தள்ளுபடி செய்துவிட்டதாகவும், மீதியை நான் கொடுத்த வளையல்களை விற்றுச் சரிக்கட்டிவிட்டதாகவும் அவன் என்னிடம் சொன்னான். நடந்தது வேறு. வீட்டை வாங்க ஒரு ஆளைப் பிடித்து, அந்த ஆளின் பணத்திலேயே கம்பெனிக் கடனை அடைத்து, என் சார்பாக மூலப்பத்திரத்தை வாங்கி, அந்த ஆளுக்கே கிரையம் செய்துகொடுத்துவிட்டான். மிச்சப் பணம் அவனுக்கு. கடன் தீர்ந்தது ஜூலை 28. வீடு விற்றது ஆகஸ்ட் 1. அவனை நம்பு என்று உனக்கு நான் கடிதம் எழுதியது ஆகஸ்ட் 2. என் வீடு என் வீடாக இல்லாமல் போன மறுநாள், அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது தெரிந்தது அக்டோபர் ஆறாம் தேதி. செந்தில்முருகன் என்று ஒரு இளைஞர், இடுப்பில் குழந்தையோடு அவர் மனைவி, அளவு டேப்போடு வந்தார்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை. யார் என்று கேட்டேன். "வீட்ட எடுத்திருக்கோம் டீச்சர். தீவாளிக்குள்ள பால் காய்ச்சலாம்னு பாத்தோம். நீங்க ஒதுங்கிக்கிடுவீங்கன்னு கிங்ஸ்டன் அண்ணாச்சி சொன்னாரு" என்றார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பணம் கொடுத்தவர்கள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, இன்னொரு நாள் வருவோம்" என்று தன் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதை நான் மறக்கமாட்டேன்.

அன்றைக்கே முக்குக்கடை இ-சேவை மையத்துக்குப் போய், அதை நடத்தும் ஷம்ஸியாவிடம் வில்லங்கச் சான்று எடுக்கச் சொன்னேன். அவள் வாசித்துக்கொண்டே வந்து, நிறுத்தினாள். "டீச்சர், இதுல நீங்க வித்ததாப் போட்டிருக்கு" என்றாள். என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கடையில் நின்ற மற்றவர்களை, "செத்த நேரம் வெளிய நில்லுங்க" என்று அனுப்பினாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. சான்றுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள்.

கிங்ஸ்டனுக்கு ஃபோன் செய்தேன். கத்தினேன், யூனிஸ். நான் கத்தி நீ கேட்டதில்லை. அவன் குரலை உயர்த்தவே இல்லை. "டீச்சர், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? வாசிச்சுட்டேன்னு ஆபீசர்ட்ட நீங்கதான சொன்னீங்க? ஞாபகம் இல்லையா?" என்று கேட்டான். "ஞாபகம் இல்லையா" என்பதை மட்டும் அவன் நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். இனி ஊருக்கு என்ன சொல்லப்போகிறான் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் முத்துமாலையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கேட்டேன். அவன் என்னிடம் படித்ததாகச் சொன்ன வருடத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம், கிளார்க் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கிங்ஸ்டன் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நாகர்கோவில் பக்கம் போதகராக இருக்கிறான். இன்னொருவன் தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறான். இரண்டு பேர் வீட்டையும் முத்துமாலைக்குத் தெரியும். இவன் இல்லை. இவன் எந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லை.

இனி எழுதப்போவது கடினமானது. அக்டோபர் ஆறாம் தேதியே உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. கிங்ஸ்டன் உன்னிடம் வந்திருக்கமாட்டான், வந்திருந்தாலும் நீ தயங்குவாய், உனக்கும் வீடு போக வேண்டும் என்று எழுதியிருக்காது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாரிடமும் அல்ல, உன்னிடம். திங்கட்கிழமை பத்திர ஆபீசில் உனக்குக் கையெழுத்து என்று டார்லின் வாயால் கேட்ட பிறகும், ஃபோனை வைத்துவிட்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இது என் யோசனை அல்ல. என் யோசனையின் லட்சணத்தைப் பார்த்துவிட்டாய். பாளையங்கோட்டைக் கோர்ட் வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் கலைச்செல்வி என்ற வக்கீல் சொன்னது. வங்கி இரண்டாவது நோட்டீஸை உன் வீட்டுச் சுவரில் ஒட்டியது செப்டம்பர் 24 என்று டார்லின் சொன்னாள். ஒட்டிய நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். நவம்பர் 8 வரை உனக்கு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை பத்திர ஆபீசுக்குப் போகாமல், நோட்டீஸையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கலைச்செல்வியிடம் போ. கையில் காசில்லை என்று தயங்காதே, அவர் வாங்கமாட்டார். உன் வீட்டுக்காரர் வங்கி மேனேஜரை நேரில் பார்த்து, இவ்வளவுதான் கட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கட்டும். யாருக்கும் பவர் கொடுக்காதே. கிங்ஸ்டன் ஃபோன் செய்தால் உடம்புக்குச் சரியில்லை என்று சொல். பொய்தான். நான் அனுமதி தருகிறேன்.

என் வீடு திரும்பாது என்றே நினைக்கிறேன். போலீசில் மனுக் கொடுத்திருக்கிறேன். கண் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று முதல் மனுவில் நான் எழுதவில்லை. நேற்று இன்னொரு மனு எழுதி அதைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். நவம்பர் 15க்குள் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயர்ப்பலகையை முத்துமாலை கழற்றிவிட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பாவம், கிழவி தெளிவாகத்தான் உளறுகிறாள் என்று நீ நினைக்கலாம். கிங்ஸ்டன் அப்படித்தான் சொல்லுவான். ஆகவே எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதற்கு ஒரு அத்தாட்சி தருகிறேன். கடிதத்தோடு ஒரு சிறு பொட்டலம் இருக்கும். இப்போது பிரித்துப் பார்.

அது டார்லினின் தலை ரிப்பன். பச்சை. ஒரு முனை நூல் பிரியாமலிருக்க நீ மெழுகுவர்த்தியில் உருக்கியது.

1997இல் எட்டாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேருக்கு உதவித்தொகை விண்ணப்பங்கள் நிரப்பி, பழுப்பு உறையில் போட்டு, கட்ட நூல் கிடைக்காமல் இந்த ரிப்பனால் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாவது மணி அடித்தபின் என் கையில் கொடுத்தாய். நான் நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி பீரோவில் வைத்தேன். மறந்துபோனேன். தேதி கடந்துவிட்டது. தாளாளர் ஐயா நம் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தபோது, நீ கொடுத்தேன் என்றாய். நான், "யூனிஸுக்கு மறதி அதிகம் ஐயா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. உனக்கு மெமோ வந்தது. உன் பணிப் பதிவேட்டில் ஏறியது. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலி உனக்கு வராமல் வெளியாளுக்குப் போனதும் அதனால்தான். அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் ஒன்பதாம் வகுப்புப் போகாமல் பீடி சுற்றப் போனார்கள். இசக்கியம்மா அதில் ஒருத்தி. இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் எனக்காகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வணக்கம் சொல்லுகிறாள்.

நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு வாரம் கழித்து நீ என் அறைக்கு வந்து, "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டீச்சர். நாந்தான் எங்கனயோ வச்சிட்டேன் போல" என்று மன்னிப்புக் கேட்டாய். நான் மன்னித்தேன்! அடுத்த ஈஸ்டருக்கு முன் பீரோவைத் துப்புரவு செய்தபோது, கீழ்த்தட்டில் விரிப்புகளுக்கு அடியில் உறை கிடைத்தது. முடிச்சு அவிழாமல் இருந்தது. விண்ணப்பங்களை எரித்துவிட்டேன். ரிப்பனை எரிக்க முடியவில்லை. குழந்தையின் ரிப்பன். இருபத்தெட்டு வருடமாக அது என்னிடம்தான் இருக்கிறது.

கிங்ஸ்டன் என்னைப் பற்றி உன்னிடம் சொன்னதை, உன்னைப் பற்றி முதலில் சொன்னவள் நான். நீ அன்றைக்கு என்னை நம்பி உன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டாய். அதே பழக்கத்தில்தான் இன்றைக்கும் என் நற்சான்றை நம்பி அவன் பின்னால் போகிறாய். அந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியது நான். தயவுசெய்து அதை விட்டுவிடு.

கிங்ஸ்டனுக்குக் கொடுத்த நற்சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆகவே இதுதான் பன்னிரண்டாவது:

திருமதி யூனிஸ் என்னிடம் இருபத்துமூன்று வருடம் ஆசிரியையாகப் பணியாற்றினார். தம்மிடம் ஒப்படைத்த எதையும் அவர் தவறவிட்டதில்லை. மறந்தவள் நான். இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் திசையன்விளைக்கு வருகிறேன். பத்திர ஆபீஸ் வாசலில் இருக்கும் பெஞ்சில், பூதக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருப்பேன். நீ கிங்ஸ்டனோடு வந்தால், அந்தப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். பைத்தியம் என்று சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன். ஆனால் நீ வராமலிருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம். ஆபீஸ் பூட்டும்வரை நீ வராவிட்டால், அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பேன். கடிதம் எழுத வேண்டாம். என் வீட்டுக்கு வந்து பார்க்கவும் வேண்டாம். ரிப்பனைத் திருப்பி அனுப்பாதே. அது உங்களுடையது.

உன் வீட்டு நிலைப்படி உன் பேரிலேயே நிற்கட்டும். உன் வீட்டுக்காரர் அந்தத் திண்டாட்டத்திலிருந்து மீண்டு வரட்டும். டார்லினின் பிள்ளைகள் அந்த வாசலில் விளையாடட்டும். முத்துமாலைக்குக் காப்பி கொடுத்தாயா?

ஹெப்சிபா